கிராமசபைக்கு ஓர் ஒத்திகை

தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஊராட்சியிலும் ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூட வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று நாளும் குறித்திருக்கிறார்கள். நான்காக இருந்த கூட்டங்கள் 2022-இல்தான் ஆறாயின. அதே ஆண்டு நவம்பரில் நகரங்களிலும் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. 2019-இல் மாநகராட்சியாகி, 2022-இல் முதல் மாமன்றத் தேர்தலைக் கண்ட ஓசூரின் 45 வார்டுகளுக்கும் அந்த வாய்ப்பு வந்து சேர்ந்தது. ஆகவே பேச இடமில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. இடம் இருந்தும் பேச்சு நடக்காததுதான் இன்றைய குறை. வரவு செலவு வாசிக்கப்படுகிறது. தெருவிளக்கு, சாக்கடை, பட்டா என்று அவரவர் குறைகள் மனுக்களாகின்றன. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கப்படுகிறது. ஊருக்குப் பொதுவான ஒரு சிக்கலை எடுத்துவைத்து, எதை விட்டுக்கொடுத்தால் எது கிடைக்கும் என்று கூடிப் பேசி முடிவெடுப்பது அரிது. அப்படிப் பேசுவது பழகிப் பழகி வர வேண்டிய ஒரு திறன். அதைப் பழக்கும் வழிகளில் ஒன்றாக, மேசையைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் ஒரே அணியாக ஆடும் பலகை விளையாட்டை நாம் மதித்துப் பார்க்க வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற எல்லைப்புறத் தொழிற்பகுதிக்கு அது குறிப்பாகவே பொருந்தும்.

முதலில் கூட்டத்தின் கணக்கைப் பார்ப்போம். 501 முதல் 3,000 பேர் வரை வாழும் ஊராட்சியில் கிராமசபை செல்லுபடியாக 100 பேராவது வர வேண்டும். கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தாலும் தலைக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றே மேல்தான் பேச்சுக்குக் கிடைக்கும். அதிகாரிகள் வாசிக்கும் நேரத்தைக் கழித்தால் அதுவும் மிஞ்சாது. மிஞ்சும் நேரத்தை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. பரோமிதா சன்யாலும் விஜயேந்திர ராவும் 2018-இல் வெளியிட்ட 'ஓரல் டெமாக்ரசி' என்ற நூல், தென்னிந்தியாவின் நான்கு மாநிலங்களில் பதிவு செய்யப்பட்ட ஏறத்தாழ 300 கிராமசபைகளின் பேச்சை வரிவரியாக ஆராய்ந்தது. ஒரே மாதிரி மண்ணும் மொழியும் பழக்கமும் கொண்ட ஊர்களை ஒப்பிட வேண்டும் என்பதற்காக மாநில எல்லைகளை ஒட்டிய மாவட்டங்களை அந்த ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். கிருஷ்ணகிரியையும் உள்ளடக்கியிருந்த அன்றைய தர்மபுரி மாவட்டமும், அதன் அண்டை மாவட்டங்களான கோலாரும் சித்தூரும் அவற்றில் அடங்கும். எல்லையின் இருபுறத்திலும் ஒரே வகை மக்கள் வெவ்வேறு விதமாகக் கூட்டம் நடத்துகிறார்கள் என்றால், பேச்சின் தரம் பிறவியிலோ மரபிலோ இல்லை. கூட்டம் எப்படி அமைக்கப்படுகிறது, வருகிறவர்களுக்கு எழுத்தும் தகவலும் எவ்வளவு எட்டியிருக்கின்றன என்பவற்றில் அது இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமசபைகளை மட்டும் ஆராய்ந்து ராவும் அவருடைய சகாக்களும் 2019-இல் வெளியிட்ட கட்டுரையில், பெண்கள் பேசும் வாய்ப்பும், பேசினால் அது கூட்டத்தின் பொருளாக மாறும் வாய்ப்பும், அதிகாரிகளிடமிருந்து உரிய பதில் பெறும் வாய்ப்பும் ஆண்களைவிடக் குறைவு என்று தெரியவந்தது. தலைவர் ஒரு பெண்ணாக இருந்த ஊர்களில் பெண்களின் குரலுக்குப் பதில் கூடுதலாகக் கிடைத்தது. கூட்டத்தின் அமைப்பு மாறினால் குரலின் பலமும் மாறும் என்பதற்கு இது வலுவான சான்று.

இந்த உண்மையை இம்மாவட்டம் ஒருமுறை நடைமுறையிலேயே காட்டியிருக்கிறது. தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழு இயக்கம் 1989 செப்டம்பரில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் கடனுதவியோடு, அன்றைய தர்மபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. அது பின்னர் மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் பரவியது. சேமிப்பும் கடனும் அதன் வெளிப்படையான பயன். ஆனால் வங்கிப் படி ஏறாத பெண்கள் மேலாளரிடம் நிமிர்ந்து பேசக் கற்றது, குழுக்கூட்டத்தின் ஒழுங்கினால். பாய் விரித்து வட்டமாக உட்காருவது, ஒவ்வொருவராகப் பணத்தை வைத்து எண்ணுவது, யாருக்குக் கடன் முதலில் என்று எல்லோர் முன்னிலையிலும் வாதிடுவது, ஊக்குநர் பொறுப்பைக் கைமாற்றிக்கொள்வது. சிறிய வட்டத்தில், சிறிய தொகையை வைத்து, அடிக்கடி செய்து பழகியதுதான் பெரிய இடத்தில் பேச வைத்தது. கிராமசபை என்ற பெரிய கூட்டத்துக்கு அப்படிப்பட்ட பயிற்சிக்களம் எதுவும் இல்லை. ஆண்டில் ஆறே நாள், நேராக மேடை, கையில் மைக். ஒத்திகை பார்க்காமல் நாடகம் போடச் சொல்வதைப் போன்ற நிலை இது. அந்த ஒத்திகையின் வேலையைத்தான் கூட்டு விளையாட்டு செய்ய முடியும்.

கூட்டு விளையாட்டு என்றால் ஒருவரை ஒருவர் தோற்கடிக்காத விளையாட்டு. பலகையில் ஒரு பொதுச் சிக்கல் இருக்கும். ஆடுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து அதைச் சமாளிப்பார்கள். வென்றால் எல்லோரும் வெல்வார்கள், தோற்றால் எல்லோரும் தோற்பார்கள். மேட் லீகாக் என்ற வடிவமைப்பாளர் 2008-இல் வெளியிட்ட 'பேண்டமிக்' இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது. அதில் மருத்துவர், ஆராய்ச்சியாளர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பும், அந்தப் பொறுப்புக்கே உரிய ஓர் அதிகாரமும் உண்டு. தன் அதிகாரத்தை மட்டும் வைத்து யாராலும் நோயை நிறுத்த முடியாது. நம் ஊருக்கும் இந்த எண்ணம் புதிதில்லை. ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளுக்கு எதிராக நிற்கும் ஆடுகளுக்குத் தனித்தனியே எந்தப் பலமும் கிடையாது. இடம் பார்த்துச் சேர்ந்து நின்றால்தான் புலியை அடைக்க முடியும். கோயில் கல்தளங்களிலும் மண்டபங்களிலும் அந்தக் கட்டங்களைக் கீறி வைத்து ஆடியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பலகை ஆட்டத்தை யாரும் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புதிதாகச் சேர வேண்டியது ஒன்றுதான். பலகையில் வரைவது நம்முடைய ஊர்ச் சிக்கலாக இருக்க வேண்டும்.

அப்படி வரைந்து பார்த்த சோதனை ஒன்று நமக்கு வெகு அருகில், ஆந்திரத்தின் ராயலசீமைப் பகுதியில் நடந்தது. ஃபவுண்டேஷன் ஃபார் எகலாஜிகல் செக்யூரிட்டி என்ற தொண்டு நிறுவனமும், வாஷிங்டனில் இயங்கும் சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ரூத் மைன்சென்-டிக் உள்ளிட்ட ஆய்வாளர்களும் நிலத்தடி நீரை மையமாக வைத்து ஒரு விளையாட்டை அமைத்தார்கள். ஆடுகிறவர்கள் அந்த ஊர் விவசாயிகளே. ஒவ்வொரு சுற்றும் ஒரு பயிர்ப் பருவம். குறைந்த நீரில் வளர்ந்து குறைந்த வருமானம் தரும் பயிரா, நிறைய நீர் குடித்து நிறைய வருமானம் தரும் பயிரா என்று ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்க வேண்டும். மழையால் ஊறும் நீருக்கும் இவர்கள் உறிஞ்சும் நீருக்கும் உள்ள வித்தியாசம் எல்லோர் கண்முன்னும் கணக்கிடப்படும். ஒருவர் ஆசைப்பட்டால் எல்லோருடைய நீர்மட்டமும் இறங்கும். சில சுற்றுகள் பேசாமல் ஆடுவார்கள். பிறகு கலந்து பேசி ஆடுவார்கள். எல்லாம் முடிந்ததும் ஊரைக் கூட்டி, பலகையில் நடந்தது என்ன, நம் ஊரில் நடப்பது என்ன என்று விவாதிப்பார்கள். ஓராண்டு கழித்துச் சிறு மாற்றங்களோடு அதே ஊர்களில் மீண்டும் ஆடினார்கள்.

அதன் முடிவுகள் 2018-இல் 'வேர்ல்டு டெவலப்மென்ட்' என்ற ஆய்விதழில் வெளியாயின. அவற்றில் மூன்று நமக்கு முக்கியம். ஒன்று, கலந்து பேசுவதன் பலன் முதலாண்டு தெரியவில்லை. இரண்டாம் ஆண்டில்தான் பேசிய குழுக்கள் நீரை நிலைக்கச் செய்யும் அளவுக்கு ஒத்துப்போயின. இரண்டு, ஆட்டத்தில் எடுக்கும் முடிவுக்கு ஏற்பத் தனித்தனியே பணம் கொடுத்தாலும் பயிர்த் தேர்வு மாறவில்லை. மூன்று, விளையாட்டு நடந்த ஊர்களில் நிலத்தடி நீருக்கான பதிவேடு வைப்பதும் விதிமுறை வகுப்பதும், அதே நிறுவனத்தின் நீர்த் திட்டத்தில் இருந்த மற்ற ஊர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு அதிகமாக இருந்தது. இதன் எல்லையையும் ஆய்வாளர்களே சொல்லிவிட்டார்கள். நீர்மட்டத்தை மழையும் மின்சாரமும் சந்தை விலையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. விளையாட்டு மட்டும் நீர்ப் பஞ்சத்தைத் தீர்க்காது. பதிவேடு வைப்பது வேறு, நீர் ஏறுவது வேறு. அந்த ஊர்களில் ஒரு தொண்டு நிறுவனம் ஏற்கெனவே வேலை செய்துவந்ததையும் மறக்கக் கூடாது. இவ்வளவையும் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. கூடி ஆடிய ஊர், தனக்கென்று விதி எழுதிக்கொள்ளும் அளவுக்கு நகர்ந்தது. ஜனநாயகப் பங்கேற்பு என்று நாம் சொல்வதன் உட்கரு அதுதான்.

இது ஏன் நடந்தது என்று யோசித்தால் விளையாட்டின் வலிமை புரியும். முதலாவது, முறை. கூட்டத்தில் குரல் பெரிதானவர் பேசுவார். பலகையில் பெரிய மிராசுதாருக்கும் ஒரு முறை, குத்தகைதாருக்கும் ஒரு முறை. இரண்டாவது, காலம். ஆழ்துளைக் கிணறு வற்றப் பத்து ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் யார் செய்தது என்பதே மறந்துபோகும். பலகையில் அந்தப் பத்தாண்டும் ஒரு மணி நேரத்துக்குள் ஓடி, செயலும் விளைவும் அருகருகே நிற்கும். மூன்றாவது, பாதுகாப்பு. எதிரே இருப்பவரைப் பார்த்து "உங்கள் போர்வெல்தான் என் கிணற்றைக் காயவைத்தது" என்று சொன்னால் பகை மூளும். ஆட்டத்தில் அவர் எடுத்த முடிவைக் கேள்வி கேட்பதில் பகைக்கு இடமில்லை. ஆனால் கேட்கப்பட்ட கேள்வி ஆட்டம் முடிந்த பிறகும் மனதில் நிற்கும்.

ராயலசீமையைப் போலவே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் நிலமும் பாறை நிலம்தான். தளி, பாகலூர்ப் பக்கம் ரோஜாவும் குடைமிளகாயும், ராயக்கோட்டைச் சந்தையை நம்பிய தக்காளியும் ஒருபுறம். மானாவாரி ராகியும் கொள்ளும் மறுபுறம். ராயலசீமை ஆட்டத்தைப் பயிர்ப்பெயர்களை மட்டும் மாற்றி இங்கே அப்படியே ஆடலாம். ஆனால் இந்த வட்டாரத்தின் சிக்கல் அதைவிடப் பெரியது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கிழக்குப் புறத்துக் கழிவுகளையும் வாங்கிக்கொண்டு கொடியாளம் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. கெலவரப்பள்ளி அணையிலிருந்து தண்ணீர் திறக்கும்போது நுரை மலைபோல் எழுவதை ஓசூர் மக்கள் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறார்கள். கரையில் விவசாயிகள், அருகில் 1970-களில் தொடங்கி வளர்ந்த சிப்காட் தொழிற்பேட்டைகள், நடுவில் வளரும் நகரம், மேலே வேறொரு மாநிலத்தின் பெருநகரம். இதில் ஒவ்வொருவருக்கும் சிக்கலின் ஒரு துண்டுதான் தெரிகிறது. இதைப் பலகையில் கொண்டுவந்தால் விவசாயி, ஆலை மேலாளர், மாமன்ற உறுப்பினர், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர், நீர்வளத் துறைப் பொறியாளர், பெங்களூர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத் தலைவர் என்று பொறுப்புகளைப் பிரித்துக் கொடுக்கலாம். விவசாயி பொறியாளராக ஆடட்டும், பொறியாளர் விவசாயியாக ஆடட்டும். எந்த அலுவலகத்துக்கு எந்த அதிகாரம், எந்த மனு எந்தப் படியில் நிற்கும், எது ஊராட்சியின் கையில் இருக்கிறது, எது மாநில அரசின் கையில் என்று ஆடும்போதே புலப்படும். இன்று பல கிராமசபைத் தீர்மானங்கள் உரிய மேசைக்குப் போகாமலே தூசி படிகின்றன. சரியான வாசலைத் தெரிந்துகொள்வதே குடிமக்களுக்குப் பெரிய பலம். இத்தகைய ஆட்டங்களை உருவாக்கும் அனுபவமும் தொலைவில் இல்லை. பெங்களூரில் இயங்கும் ஃபீல்ட்ஸ் ஆஃப் வியூ என்ற அமைப்பு, பங்கேற்பவர்கள் சேர்ந்து ஒரு நகரத்தைக் கட்டியெழுப்பும் 'சிட்டி கேம்', குப்பை மேலாண்மையைப் பற்றிய 'ரப்பிஷ்' போன்ற ஆட்டங்களை வடிவமைத்து நடத்தியிருக்கிறது.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அரசியலமைப்பின் 243-ஆம் பிரிவின்படி கிராமசபையின் உறுப்பினர் என்றால் அந்த ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஓசூர் ஆலைகளில் உழைக்கிறவர்களுக்கும், தென் மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் இளம் பெண்களுக்கும் பெரும்பாலும் வாக்கு சொந்த ஊரில் இருக்கிறது. அவர்கள் குடிக்கும் நீரும், நடக்கும் தெருவும், உண்டாக்கும் குப்பையும் இங்கே இருக்கின்றன. குரல் மட்டும் இங்கே இல்லை. விளையாட்டு மேசைக்கு வாக்காளர் பட்டியல் தேவையில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று ஏற்கெனவே நான்கு மொழி புழங்கும் ஊரில், நிறமும் காயும் படமும் கொண்ட பலகை, நீண்ட உரையைவிட எளிதில் எல்லோரையும் எட்டும். அவர்களுக்குச் சட்டம் தராத வாக்குரிமையை ஆட்டம் தந்துவிடாது. ஆனால் உள்ளூர்க்காரர்களும் வந்தவர்களும் ஒரே மேசையில் பொது நீரைப் பற்றிப் பேசிய பிறகு நடக்கும் பகுதி சபையில், அவர்களுடைய தேவையை எடுத்துச்சொல்ல யாராவது இருப்பார்கள்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். வாழ்வாதாரச் சிக்கலை விளையாட்டாக்குவது மக்களை அவமதிப்பது என்பது முதல் மறுப்பு. விளையாட்டு என்றால் பொறுப்பின்மை என்ற எண்ணத்திலிருந்து இது பிறக்கிறது. ராணுவ அதிகாரிகள் போர்க்கள ஆட்டங்களை ஆடித்தான் பயிற்சி பெறுகிறார்கள். பேரிடர் மேலாண்மைத் துறை ஒத்திகை நடத்துகிறது. பெரிய முடிவு எடுப்பவர்கள் ஆடிப் பார்த்துக் கற்கலாம், சாதாரண மக்கள் மட்டும் அறிவுரை கேட்டுக் கற்க வேண்டும் என்பதில்தான் அவமதிப்பு இருக்கிறது. ராயலசீமையில் பணம் கொடுத்ததால் முடிவுகள் மாறவில்லை என்ற தகவலும், மக்கள் அந்த ஆட்டத்தைக் காசுக்கான பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கே சாட்சி.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. விதிகளை எழுதுகிறவர் கையில்தான் ஆட்டம் இருக்கிறது; ஆலை அமைப்பவரே பலகையை வரைந்தால் ஆலை வருவதுதான் வெற்றி என்று ஆகிவிடும். இது உண்மை, வரலாறும் இதற்குச் சான்று. எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண் 1904-இல் 'நிலக்கிழார் ஆட்டம்' என்ற பலகை விளையாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். நிலம் சிலர் கையில் குவிவதன் தீமையைக் காட்டுவதற்காக அதை உருவாக்கினார். எல்லோருக்கும் செல்வம் பகிரப்படும் விதிகள் ஒன்று, ஒருவரே எல்லாவற்றையும் விழுங்கும் விதிகள் மற்றொன்று என இருவகை விதிகளை வைத்தார். 1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் விற்கத் தொடங்கிய 'மோனோபோலி' இரண்டாவது வகையை மட்டும் எடுத்துக்கொண்டு உலகை வென்றது. பலகை ஒன்றுதான், விதி மாறியதும் பாடம் தலைகீழானது. இதிலிருந்து நாம் கற்க வேண்டியது விளையாட்டைக் கைவிடுவதை அல்ல, விதி எழுதும் உரிமையைப் பகிர்வதை. முதல் சுற்று முடிந்ததும் "இந்த விதி நம் ஊருக்குப் பொருந்துமா, எதை மாற்றலாம்?" என்று ஆடியவர்களையே கேட்க வேண்டும். யார் பணத்தில், யார் வரைந்த பலகை என்பதைத் தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டும். இவ்வளவு வெளிப்படையாகக் கேள்வி கேட்கக் கூடிய விதிகள் பலகையில் உண்டு. கூட்டத்தின் எழுதாத விதிகளை, அதாவது யார் நாற்காலியில், யார் தரையில், யார் பேசினால் யார் அடங்க வேண்டும் என்பவற்றை யாரும் கேட்பதே இல்லை.

மூன்றாவது மறுப்புதான் மிகக் கனமானது. அதிகாரமே இல்லாத சபைக்கு ஒத்திகை எதற்கு? கிருஷ்ணகிரி உள்ளிட்ட மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. நிர்வாகம் தனி அலுவலர்களின் கைக்குப் போனது. தொழிற்பேட்டைக்கு எந்த நிலம் என்பது ஊராட்சிக்கு வெகு மேலே முடிவாகிறது. ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் மக்கள் பங்கேற்பை ஓர் ஏணியாக வரைந்து, அதன் அடிப்படிகளில் இருப்பது பங்கேற்பு என்ற பெயரிலான ஏமாற்றே என்று எச்சரித்தார். முடிவை முன்பே எடுத்துவிட்டு, மக்களை ஆட அழைத்துப் படம் எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சி அந்த அடிப்படியில்தான் சேரும். அதை மக்கள் மறுப்பதே சரி. ஆனால் அதிகாரம் வந்த பிறகு பழகிக்கொள்ளலாம் என்பதும் நடைமுறைக்கு ஒத்துவராது. பேசிப் பழகாத சபையிடம் அதிகாரத்தைக் கொடுத்தால் அது நான்கு பேரின் கைக்குத்தான் போகும். பேசிப் பழகிய சபை, இருக்கும் அதிகாரத்தை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டு மேலும் கேட்கும். கேரளத்தில் 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில் நிதியும் பயிற்சியும் ஒருசேர வந்தன. இரண்டையும் பிரிக்க முடியாது.

எனவே என் வாதம் ஒரு நிபந்தனையோடு கூடியது. பலகை விளையாட்டு, உண்மையான ஒரு முடிவோடு கட்டப்பட்டிருந்தால் மட்டுமே நடத்தத் தகுந்தது. அதற்கு வழி கடினமில்லை. மார்ச் 22 கிராமசபை தண்ணீருக்கென்றே வந்த நாள். அதற்கு இரண்டு வாரம் முன்பு, மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகள் தத்தம் ஊரில் சிறு சிறு மேசைகளாக நீர் ஆட்டத்தை நடத்தலாம். ராயலசீமையில் செய்ததுபோல் பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனியே தொடங்கலாம். ஆலைத் தொழிலாளர்களுக்கு ஷிப்ட் நேரம் பார்த்து ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம். அட்டையும் காய்களும் போதும், செலவு சொற்பம். ஆட்டத்தை விடவும் அதற்குப் பிந்திய விவாதத்துக்கு நல்ல நடத்துநர் தேவை. கற்றுக்கொள்வது அங்கேதான் நடக்கிறது. ஒவ்வொரு மேசையும் ஒரு பரிந்துரையை எழுத வேண்டும். அவை எல்லாம் கிராமசபையின் பொருள்நிரலில் கட்டாயம் இடம்பெற வேண்டும். ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தோடு அடுத்த கூட்டத்தில் பதில் சொல்லப்பட வேண்டும். ஓசூரின் பகுதி சபைகளில் குப்பையையும் கழிவுநீரையும் வைத்து இதையே செய்யலாம். முதலாண்டு பெரிய பலன் தெரியாது என்பதை ராயலசீமை சொல்லிவிட்டது. எனவே ஒருமுறை நடத்திப் பார்த்துவிட்டுத் தோல்வி என்று எழுதிவிடாமல், குறைந்தது மூன்று ஆண்டுகள் தொடர வேண்டும். எத்தனை பெண்கள் பேசினார்கள், எத்தனை பரிந்துரைகள் தீர்மானமாயின, எத்தனை நிறைவேறின என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இந்த மூன்று எண்களும் உயராவிட்டால் திட்டத்தை நிறுத்திவிடலாம். உயர்ந்தால், வாக்களிப்பதோடு முடிந்துபோகும் உரிமையை ஊரை நடத்தும் உரிமையாக வளர்க்கும் வழியை, 1989-இல் செய்ததுபோல், இந்த எல்லை மாவட்டமே மீண்டும் மாநிலத்துக்குக் காட்டும்.